பழைய வீட்டுக் குழாயில் புதிய வாஷ்பேசின் கழிவு இணைப்பு: முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்த சானிட்டரி கடையிலும் சனிக்கிழமை சாயங்காலம் சற்று நேரம் நின்று பாருங்கள். கையில் அறுத்தெடுத்த பைப் துண்டோடு ஒருவராவது வருவார். "இதுக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு தாங்க" என்பார். கடைக்காரர் இரண்டு மூன்று சாமான்களை எடுத்துப் போடுவார், ஒன்றும் பொருந்தாது. வீட்டில் பேசின் ஏற்கெனவே சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நானும் அப்படிப் போய் நின்றவன்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலுமாக இந்த வேலையைச் சில தடவை செய்தாயிற்று. ஒரு வயதான பிளம்பர் எனக்குச் சொன்னது: "பேசினை மாட்டிட்டு அப்புறமா பைப்பத் தேடாத மக்கா." இந்த வழிகாட்டியின் வரிசை முழுக்க அதை ஒட்டியதுதான். தண்ணீர் கடைசியாக விழும் இடத்தில் தொடங்கி, சுவருக்குள் வந்து, பேசினைக் கடைசியில் தொடுகிறோம்.

1. தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரே காலத்தில் கட்டியவை அல்ல. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் பிற்பாடு சேர்த்த கான்கிரீட் அறை, அதை ஒட்டி ஒரு பாத்ரூம். குழாய்களும் அப்படித்தான். சுவருக்குள் பி.வி.சி. இருக்கும், வெளியே மண்ணுக்குள் சுட்ட மண் பைப் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் முனையை வைத்து முழுக் குழாயையும் முடிவு செய்யக் கூடாது.

ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து, நீங்கள் இணைக்க நினைக்கும் பழைய குழாயில் ஊற்றுங்கள். வெளியே ஒருவரை நிறுத்துங்கள். தென்னை மூட்டுக்குப் போகிறதா, உறிஞ்சு குழிக்கா, செப்டிக் டேங்குக்கா, தெரு ஓடைக்கா என்று தெரிந்துவிடும். உடனே இன்னும் இரண்டு வாளியைத் தடதடவென்று ஊற்றுங்கள். ஒரு வாளியை விழுங்கும் குழாய் மூன்றாவது வாளிக்கு முரண்டு பிடிக்கலாம்.

ஊற்றியதில் பாதிதான் வெளியே வருகிறது என்றால் நடுவில் குழாய் உடைந்திருக்கிறது. அநேகமாக அஸ்திவாரத்தை ஒட்டிய இடத்தில்தான் இருக்கும், ஏனென்றால் சுவர் இறங்காமல் வெளி மண் மட்டும் இறங்கும்போது அங்கேதான் ஜாயிண்ட் விலகுகிறது. மெதுவாக, நூலாகத் தண்ணீர் வந்தால் தென்னை வேரைச் சந்தேகப்படுங்கள். ஈரம் கசியும் ஜாயிண்டுக்குள் தென்னையின் நார்வேர் தலைமுடி போல நுழைந்து, உள்ளே கொத்தாகப் பெருத்துவிடும். இந்த இரண்டில் எது இருந்தாலும் அதை முதலில் சரி செய்யுங்கள். கெட்ட குழாயில் நல்ல பேசினை இணைத்தால், அழுகை சுவருக்குத்தான்.

இன்னொன்று, நமக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மண் ஊறிப்போயிருக்கும்போது உறிஞ்சு குழி தண்ணீரை வாங்காது. பங்குனி வெயிலில் சோதித்துவிட்டு "நன்றாக இழுக்கிறது" என்று நம்ப வேண்டாம். மழையில் பாத்ரூம் தண்ணீர் தேங்குமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புதுக் குழி தோண்ட வேண்டி வந்தால் குடிநீர்க் கிணற்றில் இருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஐந்து சென்ட் வீட்டில் இது கஷ்டம்தான். அப்போது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

2. பழைய குழாய் என்ன வகை, என்ன அளவு

கடையில் குழப்பம் தொடங்குவது அளவில்தான். நாம் இஞ்சில் சொல்கிறோம், பைப்பில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கிறது. பி.வி.சி. பைப்பில் ஒண்ணேகால் இஞ்ச் என்பது வெளி விட்டம் 40 மி.மீ., ஒன்றரை இஞ்ச் 50, இரண்டு இஞ்ச் 63, இரண்டரை 75, நாலு இஞ்ச் 110. "இரண்டு இஞ்ச்" என்று நினைத்து 50 மி.மீ. சாமானை வாங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

துண்டு அறுத்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நூலைக் குழாயின் வெளியே ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் நீளத்தை அளங்கள். 126 மி.மீ. அருகே வந்தால் அது 40 பைப். 157 என்றால் 50. 198 என்றால் 63. 236 என்றால் 75. 346 என்றால் 110. பெயிண்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டிவிட்டு அளங்கள்.

வகையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். பி.வி.சி. மொத்தென்று கேட்கும். வார்ப்பிரும்பு மணிபோல் ஒலிக்கும், துருப் பொருக்கு உதிரும். பழுப்பு நிறத்தில், மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு இருந்தால் சுட்ட மண் பைப். சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, சிமெண்டும் நாரும் கலந்ததுபோல் தெரிந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப்பாக இருக்கலாம். இந்தக் கடைசி வகையை அறுக்கவோ துளைக்கவோ போகாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அந்தக் குழாயை அப்படியே விட்டுவிட்டு, வேறு பாதையில் புதுக் குழாய் இழுப்பதுதான் நல்லது.

3. எந்த இடத்தில் இணைப்பது

பழைய பாத்ரூமில் பொதுவாக மூன்று இடங்கள் கிடைக்கும்.

முதலாவது, தரையில் உள்ள நஹானி ட்ராப், அதாவது வாடை மேலே வராதபடி உள்ளே கொஞ்சம் நீர் நிற்கும், மேலே ஜாலி போட்ட கிண்ணம். என் தேர்வு எப்போதும் இதுதான். அதன் ஜாலி திறந்திருப்பதால் காற்று தாராளமாகப் போய்வரும், பேசின் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். பேசின் தண்ணீர் தினமும் விழுவதால் ட்ராப்பில் நீர் வற்றவும் வற்றாது. ஆனால் பேசின் குழாய், ட்ராப்பில் நிற்கும் நீர் மட்டத்துக்கு மேலே வந்து திறக்க வேண்டும். தண்ணீருக்குள் முக்கிவிட்டால் காற்று அடைபட்டு, பேசினில் நீர் குமிழியிட்டு நிற்கும்.

இரண்டாவது, சுவரின் வெளியே இறங்கும் கழிவு நீர்க் குழாய். நல்ல இடம்தான், ஆனால் குழாயை அறுக்க வேண்டும். ஆறாவது பகுதியில் விவரமாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, கக்கூஸிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் நாலு இஞ்ச் பைப். பக்கத்தில் இருக்கிறது, பெரியதாக இருக்கிறது என்று புதியவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் அளவுக்கு மீறி டேங்குக்குள் போவது அங்கே நடக்கும் மக்கும் வேலைக்கு நல்லதல்ல, டேங்கும் சீக்கிரம் நிறையும். அது போக, ஃபிளஷ் செய்யும்போது ஒரு குடம் தண்ணீர் ஒரே வீச்சில் இறங்கும். அந்த வேகம் பேசின் ட்ராப்பில் உள்ள நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நீர் போனால் டேங்க் வாடை நேராக முகம் கழுவும் இடத்துக்கு வரும். வேறு வழியே இல்லை என்றால், அந்தக் குழாயில் கூரைக்கு மேல் போகும் காற்றுக் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணைக்கலாம்.

எந்தக் காரணத்துக்காகவும் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவோ, உள்ளே இறங்கவோ வேண்டாம். அருகே தீக்குச்சி கிழிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஆளைச் சாய்க்க ஒரு மூச்சு போதும்.

4. உயரக் கணக்கு

நான் முதல் தடவை சறுக்கியது இங்கேதான். தக்கலை பக்கம் என் அத்தை வீடு. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மனைகள் பல தட்டுத் தட்டாக இருக்கும், தெரியுமல்லவா? வீட்டின் பின்பக்கம் மண் மேடு. அதனால் பழைய குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடம், உள்ளே தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தது. நான் அதை அளக்கவில்லை. பேசினை வழக்கமான உயரத்தில் அழகாக மாட்டிவிட்டேன்.

கணக்கு இப்படி. கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு வேண்டும், அதாவது ஒரு மீட்டருக்கு 2.5 செ.மீ. பேசினுக்கும் வெளியேறும் துளைக்கும் நடுவே 2 மீட்டர். ஆக 5 செ.மீ. இறக்கம். அப்படியானால் குழாய் பேசினுக்குக் கீழே 55 செ.மீ. உயரத்தில் தொடங்க வேண்டும். பேசினின் மேல் விளிம்பு 82 செ.மீ.யில் இருந்தது, அதன் அடியில் வாடையைத் தடுக்க நீர் நிற்கும் கிண்ணமான பாட்டில் ட்ராப்பின் வெளியேறும் வாய் 52 செ.மீ.யில் வந்து நின்றது. மூன்று செ.மீ. பற்றாது. தண்ணீர் மேட்டில் ஏறாது. பேசினைக் கழற்றி 4 செ.மீ. தூக்கி மாட்டினோம். பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் நடுவே டைல் விரிசல் விட்டது. அத்தை இன்றுவரை யார் வந்தாலும் அதைக் காட்டுவார்.

எனவே கீழிருந்து மேலே கணக்குப் போடுங்கள். பழைய குழாயின் அடிமட்ட உயரத்தைத் தரையிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். பேசின் வரை உள்ள தூரத்துக்கு மீட்டருக்கு 2.5 செ.மீ. வீதம் கூட்டுங்கள். குறைந்தபட்சம் 2 செ.மீ. கிடைத்தாலும் ஓடும். வரும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். ட்ராப்பின் வாய் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். பேசின் விளிம்பு 80 முதல் 85 செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலான பெரியவர்களுக்கு வசதி.

மட்டம் பிடிக்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். தண்ணீர் நிரப்பிய டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையை நம்பி அளக்காதீர்கள். பாத்ரூம் தரையே சரிவாகத்தான் போட்டிருப்பார்கள்.

சரிவு கூடினாலும் நல்லதுதானே என்று சிலர் நினைப்பார்கள். ரொம்பச் செங்குத்தாக விட்டால் தண்ணீர் முந்தி ஓடிவிடும், பற்பசையும் முடியும் பின்தங்கி ஒட்டிக்கொள்ளும். அதிக உயரம் மிச்சம் இருந்தால், அதைப் பேசினுக்கு நேர் கீழே செங்குத்தாக இறக்கிவிட்டு, மீதி ஓட்டத்தைச் சீரான சரிவில் கொண்டுபோங்கள்.

5. இப்போது கடைக்குப் போங்கள்

வாங்க வேண்டியவை: வேஸ்ட் கப்ளிங் (பேசின் ஓட்டையில் மாட்டும் கழிவு வாய்), பாட்டில் ட்ராப், தேவையான நீளத்துக்கு 40 அல்லது 50 மி.மீ. பைப், எல்போ (திருப்பத்துக்கு), ஒய் (சாய்வான கிளை உள்ள இணைப்பு), உங்கள் பழைய குழாய்க்கு ஏற்ற ரெட்யூசர் (அளவு மாற்றும் இணைப்பு), கிளாம்ப், சொல்யூஷன் (பி.வி.சி. ஒட்டும் பசை), சிலிகான், ஒரு ரப்பர் அடாப்டர். எல்போவிலும், இரண்டு குழாயை நேராகச் சேர்க்கும் கப்ளரிலும் இரண்டிரண்டு கூடுதலாக வாங்குங்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது, பாதியில் வண்டியை எடுக்க வேண்டிவரும்.

வேஸ்ட் கப்ளிங்கில் கவனம். பேசினின் உள்பக்கம் மேலே சின்ன ஓட்டை இருந்தால், அது நிரம்பி வழியாமல் இருக்க வைத்த வழி. அதற்கு அரை மரை கப்ளிங் வேண்டும். உடம்பில் துளை இருக்கும், மேல் ஓட்டையில் இறங்கும் தண்ணீர் அதன் வழியே போகும். பேசினில் அந்த ஓட்டை இல்லை என்றால் முழு மரை. மேசைமேல் வைக்கும் பேசின்களில் அநேகமாக இதுதான். மாற்றிப் போட்டால் ஒன்று, வழியும் தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும். இல்லாவிட்டால் கீழே கசியும். பில் போடும் முன்பே பேசினின் போட்டோவைக் காட்டுங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் மலிவான குரோம் பூச்சு ட்ராப்பை வாங்க வேண்டாம். உப்புக் காற்றில் பூச்சு சீக்கிரம் பொரிந்து, மரை இறுகிப்போகும், அப்புறம் சுத்தம் செய்யக் கழற்றவே முடியாது. நல்ல பிளாஸ்டிக் ட்ராப் போதும். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வளையும் சுருள் ஹோஸைப் பற்றிக் கேட்பீர்கள். வேலை சுலபம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் சோப்பும் முடியும் படியும், நடுவில் தொய்ந்து அழுக்கு நீர் தேங்கும். தற்காலிகத்துக்குச் சரி, சுவருக்குள் வைத்து மூட மட்டும் வேண்டாம்.

6. பழைய குழாயில் புதுக் குழாயைச் சேர்ப்பது

வேலைக்கு முன் மேலிருந்து யாரும் தண்ணீர் விடாதபடி வீட்டில் சொல்லிவிடுங்கள். மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்க, கீழே நான் குழாயை அறுத்திருக்கிறேன். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

*பழைய பி.வி.சி. என்றால்:* வெயிலில் கிடந்த குழாய் நொறுங்கும் பதத்தில் இருக்கும். சுத்தியல் படாமல் ஹாக்சாவால் மெதுவாக அறுங்கள். விரிசல் ஓடியிருந்தால் அது முடியும் இடத்துக்கும் கீழே போய் நல்ல பகுதியில் அறுக்க வேண்டும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். பழைய பெயிண்டின் மேல் சொல்யூஷன் பிடிக்காது.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. குழாயின் நடுவில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டு, அங்கே ஒய்யை வைக்கப் பார்ப்பார்கள். குழாயின் இரண்டு முனையும் அசையாது. ஒய்யை எப்படித் திணித்தாலும் நுழையாது. வழி இதுதான்: ஒய்யின் நீளத்தைவிடக் கூடுதலாக வெட்டி, ஒரு முனையில் ஒய்யை ஒட்டுங்கள். மீதி இடைவெளிக்கு ஒரு துண்டுக் குழாயும், ரப்பர் ரிங் உள்ள வழுக்கும் கப்ளரும் பயன்படுத்துங்கள். கப்ளரின் உள்ளே நடுவில் ஒரு தடுப்பு விளிம்பு இருக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டால், கப்ளரை முழுவதும் ஒரு குழாயின் மேல் ஏற்றிவிட்டு, துண்டை வைத்தபின் திரும்ப இழுத்து மூடலாம். ரிங்கில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

படுத்த குழாயில் டீ வேண்டாம், ஒய் போடுங்கள். டீயில் தண்ணீர் எதிர்ச் சுவரில் மோதி இரண்டு பக்கமும் சிதறும், மேல்பக்கமும் அழுக்கு ஏறும். ஒய்யின் கிளை வழியே வரும் தண்ணீர், பெரிய குழாயில் தண்ணீர் ஓடும் திசையிலேயே சாய்வாகப் போய்ச் சேர வேண்டும். தலைகீழாக ஒட்டியதை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன்.

*சுட்ட மண் பைப் என்றால்:* உளியும் சுத்தியலும் எடுத்தால் முழுக் குழாயும் விரிசல் விடும். நடுவில் அறுக்காமல், அருகில் உள்ள ஜாயிண்டின் வாயைத் தேடுங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் ஆங்கிள் கிரைண்டரில், தண்ணீர் தெளித்துக்கொண்டே, கண்ணாடி போட்டுக்கொண்டு. அந்தக் கிரைண்டரை ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சாதனம்) உள்ள பிளக்கில் செருகுங்கள். தண்ணீர் தெளிக்கும் ஆள் மிஷினில் படாமல் தெளிக்க வேண்டும்.

பி.வி.சி.யை மண் பைப்பின் வாய்க்குள் விட்டு வெறும் சிமெண்டால் பூசினால் ஒரு வருடத்தில் விலகிவிடும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் சிமெண்ட் பிடிக்காது என்பதுதான் காரணம். பி.வி.சி. முனையின் வெளியே சொல்யூஷன் தடவி, ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த ஆற்று மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். அதை வாய்க்குள் விட்டு, சுற்றியுள்ள இடைவெளியில் சிமெண்ட் பாலில் நனைத்த சணலைச் சுற்றித் திணியுங்கள். அதன்மேல் சிமெண்ட் கலவை. சணல் எதற்கு என்றால், கலவை குழாய்க்குள் வழிந்து உள்ளே மேடு கட்டாமல் இருப்பதற்கு. ஈரச் சாக்கைப் போட்டு மூடி, ஒரு நாளாவது தண்ணீர் விடாமல் விட்டுவிடுங்கள்.

*வார்ப்பிரும்பு என்றால்:* பழைய வாய்க்குள் உள்ள துருவைக் கம்பி பிரஷால் முழுக்கச் சுரண்டுங்கள். உள்விட்டம் துருவால் பாதி அடைந்திருந்தால் அந்தக் குழாயை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. நன்றாக இருந்தால் மண் பைப்புக்குச் சொன்ன அதே மணல், சணல் முறைதான்.

*நஹானி ட்ராப் என்றால்:* ட்ராப்பின் பக்கவாட்டில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் மூடி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால், தரையை உடைக்காமல், சுவரை ஒட்டி ஒரு குழாயை இறக்கி, குழாய் நுழைய ஓட்டை உள்ள ஜாலியாக வாங்கிப் போட்டு அதன் வழியே விட்டுவிடலாம். அழகு குறைவு. ஆனால் பழைய தரையை உடைத்து, அடியில் உள்ள நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு பொது விதி: தண்ணீர் கொண்டுவரும் குழாய், கொண்டுபோகும் குழாய்க்குள் நுழைய வேண்டும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவதுபோல. மாற்றினால் ஜாயிண்ட் வாயில் முடி மாட்டும், கசிவும் வரும்.

7. சுவரில் குழாய் ஓட்டம்

ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால் காடி (நீளப் பள்ளம்) வெட்டிப் பதிக்கலாம். நாலரை இஞ்ச் சுவரில் படுக்கை வாக்கில் காடி வெட்டாதீர்கள், சுவர் பலம் இழக்கும். மண் சுவரும் சுண்ணாம்புக் காரைச் சுவரும் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் வெளியே தெரியும்படி கிளாம்ப் போட்டுக் கொண்டுபோவதே சரி. முக்கால் மீட்டருக்கு ஒரு கிளாம்ப். கிளாம்ப் எண்ணிக்கையைக் குறைத்தால் குழாய் நடுவில் தொய்ந்து, சரிவுக் கணக்கு வீணாகும்.

அதே மாதிரிச் சுவரில் பேசினைத் தாங்கும் ஆங்கர் போல்ட்டும் நிற்காது, மண் உதிர்ந்து கழன்றுவிடும். ஸ்டாண்ட் உள்ள பேசினாக வாங்குங்கள், அல்லது போல்ட் வரும் இரண்டு இடத்திலும் பெரிதாகக் கொத்தி, கான்கிரீட் அடைத்து, ஒரு வாரம் நீர் தெளித்த பிறகு துளையிடுங்கள்.

திருப்பங்களில் ஒரு 90 டிகிரி எல்போவைவிட இரண்டு 45 நல்லது. அடைத்தால் கம்பி விட வசதியாக, கடைசித் திருப்பத்தில் மூடி உள்ள டோர் பெண்ட் ஒன்று போட்டுவிடுங்கள். அதன் மூடியைப் பூச்சுக்குள் புதைக்க வேண்டாம்.

8. ஒட்டுவது

முதலில் சொல்யூஷன் இல்லாமல் எல்லாவற்றையும் கோர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் பென்சிலால் குழாயையும் எல்போவையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். ஒட்டும்போது திசை மாறாமல் இருக்க அதுதான் அடையாளம்.

வெட்டிய முனையின் பிசிரை உள்ளேயும் வெளியேயும் சுரண்டுங்கள். உள்பிசிரில்தான் முதல் முடி மாட்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாகச் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டால் குழாய் தானாகப் பின்னுக்கு வரும். மழைக்காலத்தில் குழாயில் ஈரம் பூத்திருக்கும், துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. இரவு முழுக்க அப்படியே விட்டுவிடலாம்.

9. பேசினும் கப்ளிங்கும்

கப்ளிங்கைப் பேசின் தரையில் இருக்கும்போதே, ஒரு பழைய போர்வையின் மேல் கவிழ்த்து வைத்து மாட்டிவிடுங்கள். சுவரில் தொங்கவிட்டு, கீழே படுத்துக்கொண்டு திருகுவது தேவையில்லாத தவம்.

மேல் விளிம்பின் அடியில் மெல்லிய சிலிகான் வளையம். கீழே முதலில் ரப்பர் வாஷர், அடுத்து பிளாஸ்டிக் வாஷர், கடைசியாக நட். வரிசை மாறினால் நட் ரப்பரை முறுக்கிப் பிதுக்கிவிடும். அரை மரை கப்ளிங்கின் துளையைச் சிலிகானாலோ டேப்பாலோ மூடிவிடாதீர்கள். கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் ஸ்பானரில் கால் சுற்று போதும். பீங்கான் விரிசல் விடும்போது "டிக்" என்று ஒரு சத்தம்தான் வரும், அவ்வளவுதான், பேசின் போயிற்று.

பிறகு பேசினைச் சுவரில் மாட்டி, மட்டம் பாருங்கள்.

10. பாட்டில் ட்ராப்

ட்ராப்பின் மேல் குழாயில் முதலில் நட், பிறகு வாஷர். வாஷரின் சரிந்த பக்கம் ஜாயிண்டை நோக்கி இருக்க வேண்டும். எல்லாம் கையால் திருகினால் போதும். பிளாஸ்டிக் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றுவது நம் ஆட்களின் பழக்கம், ஆனால் இங்கே நீரைத் தடுப்பது வாஷர்தான், மரை அல்ல. டேப் தடித்தால் நட் கோணலாக ஏறும்.

ட்ராப்பின் 32 மி.மீ. வால் குழாயைச் சுவரில் உள்ள 40 பைப்புக்குள் ரப்பர் அடாப்டர் வழியாக விடுங்கள். வெள்ளை சிமெண்டும் எம்-சீலும் வைத்து மூடினால் நாளைக்குக் கழற்ற உளிதான் வேண்டும். வாலை ரொம்ப உள்ளே தள்ளி, எதிரே உள்ள எல்போவில் முட்டவிடாதீர்கள். ஐந்து செ.மீ. உள்ளே போனால் தாராளம்.

பேசினுக்குப் பாட்டில் ட்ராப், சுவருக்குள் இன்னொரு ட்ராப் என்று இரண்டை மூடிய குழாயில் வரிசையாக வைக்க வேண்டாம். நடுவில் சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் திணறும். நஹானி ட்ராப்பில் திறந்த ஜாலி வழியே காற்று போவதால் அந்தத் தொல்லை இல்லை.

11. சோதனை

ஒழுகுவதைக் குழாயைத் திறந்து விட்டுப் பார்ப்பது போதாது. பேசினை அடைத்து, விளிம்பு வரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அப்போதுதான் குழாய் முழுக்க நிறையும். ஒவ்வொரு ஜாயிண்டின் அடியிலும் உலர்ந்த செய்தித்தாளைச் சுற்றி வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். மூன்று தடவை செய்யுங்கள். அடுத்து, அடைப்பானை மூடிவிட்டு மேல் ஓட்டை வழியே போகும் வரை குழாயைத் திறந்து வையுங்கள். கப்ளிங் தவறென்றால் இங்கே தெரியும்.

வெளியே போய், கடைசி முனையில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். சுவரில் வெட்டிய காடியை இதற்கெல்லாம் பிறகே பூச வேண்டும். கொத்தனார் நாளைக்கு வரமாட்டார் என்பதற்காகச் சோதிக்காமல் பூச விட்டால், அவரை மறுபடியும் கூப்பிட வேண்டிவரும்.

12. பிறகு வரும் தொல்லைகள்

தண்ணீர் இறங்கும்போது "களக் களக்" என்று சத்தம் வந்தால் காற்று போதவில்லை. கக்கூஸ் ஃபிளஷ் செய்யும்போது மட்டும் அந்தச் சத்தம் வந்தால், ட்ராப் நீர் உறிஞ்சப்படுகிறது. குழாயின் உச்சியில் காற்றுக் குழாய் ஏற்ற வேண்டும்.

புதிதில் நன்றாக ஓடி, ஒரு மாதத்தில் மந்தமானால் முதலில் ட்ராப்பின் அடிக் கிண்ணத்தைத் திருகிக் கழுவுங்கள். கீழே வாளி வைக்க மறக்க வேண்டாம். அங்கே சுத்தமாக இருந்தால், ஏதோ ஒரு கிளாம்ப் தொய்ந்திருக்கிறது.

மழை நாளில் மட்டும் மந்தமானால் குற்றம் உங்கள் இணைப்பில் இல்லை, உறிஞ்சு குழியில்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வாடை அடித்தால் ட்ராப்பில் நீர் வற்றியிருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் இது வாடிக்கை. ஒரு கப் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் அன்று, பேசினிலும் நஹானி ட்ராப்பிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுப் போங்கள். எண்ணெய் ஏடு மாதிரி மிதந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சாவியை வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் மாதம் ஒரு தடவை வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.